மரக்கறி விலை ஏறுவதும் இறங்குவதும்: கண்டிப் பகுதிக் கமக்காரருக்கு ஒரு விளக்கம்

கண்டி மாவட்டத்தின் மலைச் சரிவுகளிற் போஞ்சி பயிரிடும் கமக்காரர் ஒருவர், ஓராண்டில் ஒரே நிலத்தில், ஒரே விதையைக் கொண்டு, ஒரே அளவு பசளையிட்டு இருமுறை பயிர் செய்கிறார் எனக் கொள்வோம். முதன்முறை அவர் பறித்த காய் கடனை அடைத்து, பிள்ளைகளின் பாடசாலைச் செலவுக்கும் மிச்சம் வைக்கிறது. இரண்டாம் முறை பயிர் முன்னதிலும் செழிப்பாய் விளைந்தும், லொறிக் கூலி கழிந்தபின் கையில் ஒன்றும் நிற்பதில்லை. உழைப்பிலும் நிலத்திலும் குறையில்லாதவிடத்து இவ்வேறுபாடு ஏன் உண்டாகிறது? வியாபாரியின் சூழ்ச்சி என்று சிலரும், தலைவிதி என்று சிலரும் கூறுவர். சூழ்ச்சி சிலவிடங்களில் இருத்தல் கூடும். ஆயினும், விலையின் பெரும் ஏற்றத்தாழ்வுக்கு அடிப்படைக் காரணம் கேள்விக்கும் நிரம்பலுக்கும் இடையேயுள்ள தொடர்பேயாம். அதனை அறிந்த கமக்காரர் விலையைத் தாமே நிர்ணயிக்க இயலாராயினும், விலை வீழும் காலத்திற் சிக்காது விலகிக்கொள்ள இயலும்.

கேள்வி, நிரம்பல் என்பன யாவை?

குறித்த ஒரு விலையில் வாங்குவோர் வாங்க விரும்பும் அளவு கேள்வி எனப்படும். அவ்விலையில் விற்போர் சந்தைக்குக் கொணரும் அளவு நிரம்பல் எனப்படும். கொணர்ந்த பொருள் முழுவதும் விற்பனையாகும் இடத்தில் விலை நிலைபெறுகிறது. வாங்குவோர் தேடுவதிலும் பொருள் குறைவாக வந்தால், அவர்கள் ஒருவரோடொருவர் போட்டியிட விலை ஏறும். பொருள் மிகுதியாக வந்தால், விற்போர் ஒருவரை ஒருவர் முந்தி விற்க முயல விலை இறங்கும்.

இவ்விதி எல்லாப் பண்டங்களுக்கும் பொதுவாயினும், மரக்கறியின் விலை ஏனையவற்றிலும் பன்மடங்கு கூடுதலாக ஆடுகிறது. இதற்கு இரு காரணங்கள் உண்டு.

முதலாவது, மரக்கறி காத்திருக்கமாட்டாது. இன்று பறித்த போஞ்சி இரண்டொரு நாளில் வாடும். பழுத்த தக்காளி சாக்கிற் கசியும். துணி விற்பவர் விலை சரியில்லையெனின் தம் பொருளைப் பெட்டியில் வைத்துப் பூட்டலாம். மரக்கறி விற்பவர் கிடைத்த விலைக்குக் கொடுத்தே ஆகவேண்டும். இலங்கையிற் பறித்த மரக்கறியில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரை நுகர்வோரைச் சேருமுன்னரே கெட்டழிகிறது என்பது பொதுவாகக் கூறப்படும் மதிப்பீடு.

இரண்டாவது, உண்போரின் தேவை பெரிதும் மாறுவதில்லை. போஞ்சி பாதி விலைக்கு விற்கப்படினும் ஒரு குடும்பம் இரு மடங்கு போஞ்சி உண்ணாது. விலை இரட்டித்தாலும் சோற்றுக்கு ஏதோ ஒரு கறி வேண்டியே இருக்கிறது. இதனைக் கேள்வியின் நெகிழ்ச்சியின்மை என்பர். ஆகவே நிரம்பலில் உண்டாகும் சிறு மாற்றமும் விலையிற் பெரு மாற்றத்தை விளைவிக்கும். இவ்வுண்மை பழைமையானது. இங்கிலாந்தில் 1699 ஆம் ஆண்டிற் சாள்ஸ் டாவனன்ற் என்பவர் வெளியிட்ட ஒரு கணக்கின்படி, தானிய விளைவு பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விலை பத்தில் மூன்று பங்கு ஏறும். பத்தில் இரண்டு பங்கு குறைந்தால் விலை பத்தில் எட்டுப் பங்கு ஏறும். பத்தில் மூன்று பங்கு குறைந்தால் ஏற்றம் பழைய விலையின் ஒன்றரை மடங்கையும் மிஞ்சும். இக்கணக்கு கிரெகரி கிங் என்பவரின் பெயராலும் வழங்குகிறது. எண்கள் அந்நாட்டுக்கும் அக்காலத்துக்கும் உரியவை. ஆனால் அவற்றின் போக்கைக் கண்டிச் சந்தையில் இன்றும் காணலாம்.

ஆண்டு வட்டம்

கண்டிப் பகுதியில் மரக்கறியின் நிரம்பல் மழையை ஒட்டியே அமைகிறது. பெரும்போக மழையை எதிர்நோக்கி ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் நடப்படும் பயிர் சனவரிக்குப் பின் படிப்படியாகச் சந்தைக்கு வரும். பெப்புருவரியிலும் மார்ச்சிலும் நிரம்பல் பெருகுவதால் விலை தாழும். சிறுபோகத்துக்கென ஏப்பிரல், மே மாதங்களில் நடப்படுவது யூலைக்குப் பின் வரும். ஓகஸ்டு, செப்தெம்பர் மாதங்களில் மீண்டும் விலை இறங்கும். இவ்விரு தாழ்வுகளுக்கும் இடையே, மே இறுதியிலிருந்து யூன் வரையும், நவம்பர் இறுதியிலிருந்து சனவரி முற்பகுதி வரையும் நிரம்பல் குன்றி விலை உயர்வது பெருவழக்கு. மழை முந்துவதாலும் பிந்துவதாலும் இம்மாதங்கள் சிறிது முன்பின்னாகலாம்.

கண்டி நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலும் உள்ளன. கரற், லீக்ஸ், கோவா, பீற்றூட் முதலியன பெரும்பாலும் நுவரெலியா, வெலிமடைப் பகுதிகளிலிருந்து வருகின்றன. போஞ்சியும் தக்காளியும் மாரஸ்ஸன, ஹங்குராங்கெத்தை முதலிய இடைநிலை மலைப் பகுதிகளில் மிகுதியாகப் பயிராகின்றன. வெண்டி, பூசணி, பயற்றங்காய், கத்தரி என்பன தாழ்நிலத்திலிருந்தும் வருகின்றன. ஓரிடத்தில் மழை பயிரை அழித்தாலும் மற்றோரிடத்து விளைவு சிறிது ஈடுசெய்யும். மூன்று இடங்களிலும் ஒருங்கே விளைந்தால், எந்தச் சந்தைக்குக் கொண்டு சென்றாலும் விலை கிடையாது.

விழாக்களும் கேள்வியும்

நிரம்பலைப்போற் கேள்வியும் பருவந்தோறும் மாறும். சனவரியில் தைப்பொங்கல், ஏப்பிரல் நடுவிற் புத்தாண்டு, மே மாதத்தில் வெசாக், யூலை அல்லது ஓகஸ்டிற் கண்டி எசல பெரஹர, ஐப்பசியில் தீபாவளி, டிசெம்பரில் நத்தார் எனச் சமையல் பெருகும் நாட்கள் பல. பெரஹர நாட்களில் யாத்திரிகரும் வெளிநாட்டவரும் கண்டியில் நிறைவதால் உணவுச்சாலைகளின் கொள்வனவு கூடும்.

ஆயினும் விழாவை மட்டும் நோக்கிப் பயிரிடுதல் ஆபத்தானது. பெரஹரவுக்குரிய காலத்திலேயே சிறுபோக மரக்கறியும் வந்து குவிவதால், கேள்வி கூடியும் விலை ஏறாதிருத்தல் உண்டு. புத்தாண்டுக்கு முந்திய வாரத்தில் விலை உயரும். புத்தாண்டு பிறந்தபின் கடைகளும் லொறிகளும் சில நாட்கள் ஓய்ந்துவிடும். அவ்வாரத்தில் முற்றும் போஞ்சியை வாங்குவார் இலர். விழாவுக்கென நடுபவர் பறிக்கும் நாள் விழாவுக்குப் பிந்திவிடாதவாறு கணக்கிடல் வேண்டும்.

கேள்வி சடுதியாக மறைந்த காலமும் உண்டு. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நோய்த்தொற்றின் காரணமாக ஊரடங்கு விதிக்கப்பட்டபோது, உணவுச்சாலைகளும் விடுதிகளும் மூடப்பட்டன. தோட்டத்திற் காய் இருந்தது; நகரத்தில் உண்போரும் இருந்தனர்; இடையே வழி அடைபட்டிருந்தது.

வழியும் சந்தையும்

கண்டியில் விளையும் மரக்கறியின் விலை கண்டியில் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று. வடக்கே ஏறத்தாழ 72 கிலோமீற்றர் தொலைவிலுள்ள தம்புள்ளையில் 1999 ஆம் ஆண்டிற் சிறப்புப் பொருளாதார நிலையம் திறக்கப்பட்டது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மரக்கறி அங்கே சேர்ந்து, அங்கிருந்து மீண்டும் பல பகுதிகளுக்கும் செல்கிறது. கொழும்பின் மனிங் சந்தை இப்பொழுது பேலியகொடையில் இயங்குகிறது. இவ்விடங்களின் காலை விலை தொலைபேசி வழியாகச் சில நிமிடங்களில் மலைத்தோட்டங்களை எட்டுகிறது. தம்புள்ளையில் விலை உயர்ந்தால் லொறிகள் அங்கே திரும்பும்; கண்டியில் நிரம்பல் குறைந்து அங்கும் விலை உயரும். இரு சந்தைகளின் விலை வேறுபாடு ஏறத்தாழப் போக்குவரத்துச் செலவின் அளவிலே நிற்பது இதனாலாகும்.

2024 ஆம் ஆண்டு சனவரியில் நிகழ்ந்தது யாவருக்கும் நினைவிருக்கும். மலைநாட்டிற் பெய்த தொடர்மழையாற் கரற் விளைவு பெரிதும் பழுதுபட, ஒரு கிலோகிராம் கரற்றின் சில்லறை விலை 2,000 ரூபாயை எட்டிற்று. அவ்விலையைப் பெற்றவர் மழைக்குத் தப்பிய ஒரு சிலரே. அதனைக் கண்டு பின்னர் விதைத்தவர்கள் அறுவடை செய்யும்போது அந்த விலை சந்தையில் இல்லை. 2025 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியால் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவு உண்டாகி வீதிகள் துண்டிக்கப்பட்டன. வழி அடைபடும்போது ஒரே பொருளுக்கு இரு விலைகள் தோன்றும்: தோட்டத்தில் வாங்குவாரின்மையால் விலை வீழும், நகரத்தில் வரவின்மையால் விலை ஏறும். நகரத்தின் உயர்ந்த விலையைக் கேட்டு, கமக்காரருக்கு நல்ல காலம் என்று எண்ணுதல் தவறு.

கடல் கடந்த செயல்களும் உள்ளூர் விலையை அசைக்கும். 2023 டிசெம்பரில் இந்தியா பெரிய வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தபோது இலங்கையில் வெங்காய விலை ஏறிற்று. 2024 மே மாதத்தில் அத்தடை நீக்கப்பட்டது.

சிலந்திவலை

விலையின் ஏற்றத்தாழ்வை மிகுவிப்பது கமக்காரரின் பொதுவான ஒரு பழக்கமாகும். இவ்வாண்டு தக்காளிக்கு நல்ல விலை கிடைத்தால் அடுத்த முறை பலரும் தக்காளி நடுவர். எல்லாம் ஒருங்கே விளைய விலை வீழும். நட்டமடைந்தோர் தக்காளியைக் கைவிடுவர். அடுத்த முறை தட்டுப்பாடு வந்து விலை ஏறும். மீண்டும் பலரும் நடுவர். இச்சுழற்சியைப் படமாக வரையின் அது சிலந்திவலை போலத் தோன்றும். ஆதலின் பொருளியலார் இதனைச் சிலந்திவலைத் தேற்றம் என்பர். அமெரிக்கரான மோர்டெக்காய் எசக்கியல் 1938 ஆம் ஆண்டில் இதனை விரிவாக விளக்கினார்.

இவ்வலையிற் சிக்குவதற்குக் காரணம், நடும் நாளின் விலையைப் பார்த்து நடுவதேயாம். விற்கும் நாளின் விலையே கமக்காரருக்குக் கிடைக்கும். முள்ளங்கிக்கு ஏறத்தாழ 45 நாட்களும், போஞ்சிக்கு 50 முதல் 60 நாட்களும், கரற்றுக்கு 90 முதல் 100 நாட்களும் வேண்டும். லீக்ஸ் நான்கு மாதங்களுக்கு மேலும் நிலத்தில் நிற்கும். காலம் நீளுந்தோறும் இன்றைய விலை அறுவடை நாளின் விலைக்குச் சான்றாதல் குறையும்.

பிறநாட்டு உதாரணம் ஒன்று

நெற்செய்கையாளருக்குச் சுவையளிக்கும் உதாரணம் ஒன்று அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள லூசியானா மாநிலத்தில் உண்டு. அங்கே நெல் அறுவடை முடிந்த வயல்களில் மீண்டும் நீர் கட்டி, குரோஃபிஷ் எனப்படும், சிங்கி இறாலின் வடிவையுடைய சிறிய நன்னீர் உயிரை வளர்க்கின்றனர். நெற்றாளின் மறுதளிர் அதற்கு உணவாகும். கூடுகளில் இரை வைத்து அதனைப் பிடிப்பர். குளிர்காலத்தில் அது அதிகம் நடமாடாமையாற் பிடிபடுவது குறைவு; சனவரி, பெப்புருவரி மாதங்களில் விலை உயரும். கிறித்தவரின் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி உண்ணாமை வழக்காதலால், பெரிய வெள்ளிவரை கேள்வி மிகும். நீர் வெப்பமடைந்து மார்ச்சிலிருந்து மே வரை மிகுதியாய்ப் பிடிபடுங்கால் விலை இறங்கும். 2023 ஆம் ஆண்டின் கடும் வறட்சி வயல்களைப் பாதித்ததால், 2024 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விலை வழமைக்கு மாறாக மிக உயர்ந்தது. பண்டமும் நாடும் வேறாயினும், பருவத்தால் நிரம்பலும் சமய வழக்காற் கேள்வியும் மாறுவது கண்டியின் போஞ்சிக்கும் அவ்வுயிருக்கும் ஒன்றே. (இவ்வுயிரை இந்நாட்டு வயல்களில் விட எவரும் முயலலாகாது. புகுந்த நாடுகள் சிலவற்றில் அது வரம்புகளைத் துளைத்து நெற்பயிருக்குச் சேதம் விளைவித்துள்ளது.)

நெல்லின் நிலை

நெல் மரக்கறியைப் போன்றதன்று. உலர்த்திச் சேமித்தால் மாதக்கணக்கிற் காத்திருக்கும். எனினும் பெரும்போக அறுவடை நிகழும் பெப்புருவரி, மார்ச்சு மாதங்களில் எல்லா வயல்களிலிருந்தும் நெல் ஒருங்கே வருவதாலும், கடன்காரர் வாயிலில் நிற்பதாலும், கமக்காரர் ஈர நெல்லைக் களத்திலேயே விற்றுவிடுகின்றனர். இக்குறையை நீக்கவே 1948 ஆம் ஆண்டில் உத்தரவாத விலைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 1971 ஆம் ஆண்டில் நெல் சந்தைப்படுத்தும் சபை சட்டத்தால் நிறுவப்பட்டது. 2025 பெப்புருவரியில் அரசாங்கம் ஒரு கிலோகிராம் நாட்டு நெல்லுக்கு 120 ரூபாயும், சம்பாவுக்கு 125 ரூபாயும், கீரிச் சம்பாவுக்கு 132 ரூபாயும் என விலை அறிவித்தது. இவ்விலை பெறுவதற்கு நெல்லின் ஈரம் நூற்றுக்கு 14 பங்குக்கு மேற்படலாகாது.

உலர்த்தினால் நிறை குறையுமே என்பது பலரின் தயக்கம். கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. நூற்றுக்கு 20 பங்கு ஈரமுள்ள 100 கிலோகிராம் நெல்லை 14 பங்குக்கு உலர்த்தினால் ஏறத்தாழ 93 கிலோகிராம் நிற்கும். ஆகவே உலர்ந்த நெல்லின் விலை ஈர நெல்லின் விலையிலும் நூற்றுக்கு எட்டுப் பங்கு கூடுதலாயிருந்தாலே நிறையிழப்பு ஈடாகிவிடும். அதற்கு மேற்பட்ட வேறுபாட்டிலிருந்து உலர்த்தும் கூலியையும் கடன் வட்டியையும் கழித்து எஞ்சுவது கமக்காரரின் ஊதியம். மினிப்பே முதலிய இடங்களில் நெல் செய்வோர் இக்கணக்கை அறுவடைக்கு முன்னரே செய்து கொள்ளலாம்.

பறிப்பதா, விடுவதா?

விலை மிகத் தாழ்ந்தபோது காயைப் பறிப்பதா, செடியிலேயே விடுவதா என்னும் கேள்வி எழும். உதாரணமாக, ஒரு கிலோகிராம் போஞ்சியைப் பறிக்க 15 ரூபாயும், சாக்குக்கும் சுமை கூலிக்கும் 5 ரூபாயும், லொறிக்கு 12 ரூபாயும், தரகுக்கு விற்பனையில் நூற்றுக்குப் பத்தும் செல்லும் எனக் கொள்க. சந்தை விலை 40 ரூபாயாயின் தரகு 4 ரூபாய். மொத்தச் செலவு 36 ரூபாய். எஞ்சுவது 4 ரூபாய். விலை 35 ரூபாயாயின் செலவு 35 ரூபாய் 50 சதம். பறிப்பதால் நட்டமே மிகும். விதைக்கும் பசளைக்கும் முன்னர்ச் செலவானதை இக்கணக்கிற் சேர்க்கலாகாது. அப்பணம் பறித்தாலும் பறியாவிட்டாலும் போனதுவே. பறியாத பயிரை மண்ணிற் புரட்டினால் அடுத்த பயிருக்கு உரமாகும். நிலமும் விரைவில் விடுபடும்.

கமக்காரர் செய்யத்தக்கவை

1. நிலம் முழுவதையும் ஒரே நாளில் நடாது, இரண்டு அல்லது மூன்று பங்காக்கி, மூன்று வார இடைவெளியில் நடுக. மூன்று அறுவடைகளின் விலை முறையே 250, 120, 180 ரூபாயாயின் சராசரி ஏறத்தாழ 183 ரூபாய் கிடைக்கும். முழுவதையும் ஒருங்கே நட்டவர் 250 ரூபாய் பெறவுங்கூடும். 120 ரூபாயோடு கடனாளியாகவுங்கூடும். கடன் வாங்கிப் பயிரிடுபவருக்குப் பேரூதியத்திலும் பெருநட்டத்தைத் தவிர்த்தலே முதன்மையானது.

2. விற்க விரும்பும் வாரத்தை முதலிற் குறித்து, பயிரின் நாட்களைப் பின்னோக்கி எண்ணி நடும் நாளைத் தீர்மானிக்குக. யூன் முற்பகுதியிற் போஞ்சி பறிக்க விரும்புபவர் ஏப்பிரல் முற்பகுதியிலேயே விதைத்தல் வேண்டும்.

3. சென்ற பருவத்தில் மிக உயர்ந்த விலை பெற்ற பயிருக்கு ஊரார் அனைவரும் ஓடும்போது, அயலில் நடப்பட்ட நிலத்தின் அளவை விசாரித்தறிக. விதைக்கடையில் எவ்விதை மிகுதியாக விற்கிறது என்பதும் நல்ல அறிகுறி.

4. ஒரு பயிரையே நம்பாது இரண்டு மூன்று பயிர்களைச் செய்க. அவற்றில் ஒன்றேனும் பூசணி போல் சில வாரங்கள் கெடாதிருப்பதாக அமையட்டும்.

5. விலைச் செய்திகளை நாடோறும் குறித்து வைக்குக. 1972 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட, இன்று ஹெக்டர் கொப்பேகடுவ கமத்தொழில் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவகம் எனப்படும் நிறுவகம் சந்தை விலைகளைத் தொகுத்து வெளியிடுகிறது. இரண்டு மூன்று ஆண்டுகளின் விலையை மாதவாரியாக ஒரு கொப்பியில் எழுதினால், தம் சந்தையின் போக்கைக் கமக்காரர் தாமே கண்டறிவர்.

6. காலையிற் பறித்து, நிழலில் வைத்து, தரம் பிரித்து, சாக்கில் அழுத்தி அடையாது பெட்டியில் அனுப்புக. நிரம்பல் மிகுந்த நாளில் வாங்குவோர் நல்ல காயை முதலில் தெரிவர். நசுங்கிய காயே விற்பனையின்றித் தேங்கும்.

7. அயலவர் சிலர் கூடி ஒரு லொறியை அமர்த்துக. கூட்டுறவுச் சங்கத்தின் வாயிலாக விற்க முயலுக. நடும் நாட்களைப் பத்துக் குடும்பங்கள் தம்முள் வகுத்துக்கொண்டால், அவ்வூர்க் காய் முழுவதும் ஒரே நாளிற் சந்தைக்குச் சென்று தன் விலையைத் தானே கெடுக்காது.

இவற்றாற் சந்தையின் ஏற்றத்தாழ்வு முற்றாக நீங்கிவிடாது. மழையையும் புயலையும் எவரும் கட்டுப்படுத்த இயலாது. ஆயினும், நடுவதற்கு முன் அரை நாள் செலவிட்டு நாட்களை எண்ணி, அயலவரோடு கலந்து, செலவைக் கணக்கிட்டுப் பார்ப்பவர், விலை வீழும் ஆண்டிலும் தம் நிலத்தை ஈடு வைக்காது அடுத்த போகத்தைத் தொடங்குவர். பயிர், பருவம் பற்றிய ஐயங்களை அயலிலுள்ள கமநல சேவை நிலையத்திலும், பேராதனையில் தலைமையகம் கொண்ட விவசாயத் திணைக்களத்தின் உத்தியோகத்தரிடமும் கேட்டறிதல் நன்று.